மிஷின் உன் கைக்கு வருவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பூட்ஸ் கடித்த புண் ஆறிவிட்டதா? தேங்காயெண்ணெயோடு மஞ்சள் குழைத்துப் போடச் சொன்னாள் அம்மா. ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் எஸ்.ஐ. டிரெய்னிங்கில் இருக்கிறவள் மஞ்சளுக்கு எங்கே போவாள் என்று கேட்டேன், முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கிடைக்கிற பத்து நிமிஷ போனில் எட்டு நிமிஷம் அவளே பேசிவிடுகிறாள். மிச்சத்தில் நான் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கேரளா லாரிகளுக்கு ஏற்றி முடித்த பிறகுதான் குட்டி யானை மாதிரி சின்னச் சரக்கு வண்டிக்காரனுக்கு முறை வரும். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போன வாரம் மோட்டார் வாகனச் சட்டம் நடத்துகிறார்கள் என்று சொன்னாய். "எந்தத் தப்புக்கு எவ்வளவு ஃபைன்னு மனப்பாடம் பண்ணணும்பா" என்று சிரித்தாய். அடிப்பாவி, என்னிடம் கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பித்திருப்பேனே. ஹெல்மெட் இல்லையா, 1000. பெல்ட் போடவில்லையா, 1000. சிக்னலைத் தாண்டினால் 500. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2000. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டாலும் 10,000. டெல்லியில் 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் மாநிலத்தில் 2022 அக்டோபர் கடைசியில்தான் அந்தத் தொகையை வசூலிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய்தான். ஒரே ராத்திரியில் பத்து மடங்கு. அந்த வாரம் மார்க்கெட்டில் வேறு பேச்சே இல்லை.

தொகை அதிகம் என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. 2022-ஆம் வருஷம் மட்டும் தமிழ்நாட்டில் 17,884 பேர் ரோட்டில் செத்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் விழுந்து கிடந்த ஒரு பையனை நானே தூக்கி வண்டியில் போட்டிருக்கிறேன். அவனுடைய ஹெல்மெட் பைக் கண்ணாடியில் பத்திரமாக மாட்டியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதனால் ஃபைனே போடாதே என்று உன் அப்பா சொல்லமாட்டான்.

சொல்ல வந்தது வேறு. கொஞ்ச நாளில் ஃபைன் பில் அடிக்கிற அந்த மிஷினை உன் கையில் கொடுப்பார்கள். அது எங்கள் பக்கம் நின்று பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று உனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஒரு ஊர். பெயர் வேண்டாம், நாளைக்கு உனக்கு அங்கேயே போஸ்டிங் வந்தாலும் வரும். அங்கே ஒரு நாற்சந்தி. சிக்னலுக்கு முன்னால் வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும், தார் போட்டபோது பாதி மறைந்து, மீதியை டயர்கள் தேய்த்துவிட்டன. காலை ஐந்தரை மணிக்கு சிகப்பு விழுந்தது, நின்றேன். நின்றேன் பாப்பா, தாண்டவில்லை. முன் சக்கரம் கோட்டு மேல் ஏறியிருக்கிறது என்று புளியமரத்துக்குப் பின்னால் இருந்து வெள்ளைச் சட்டை ஒருவர் வந்தார். உன் தம்பி வயசு இருக்கும். "யோவ், ஓரங்கட்டு" என்றார். இறங்கிப் பார்த்தேன். கோடு எங்கே என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன். "கோடு எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?" என்றார். மிஷினில் நம்பரைத் தட்டினார், 500.

அன்றைக்கு டீசல், ஏற்றுக்கூலி எல்லாம் போக எனக்கு நின்றதே 750 ரூபாய்தான். 250-ஐ அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாடகை பாக்கி என்று பொய் சொன்னேன். அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை லீவில் கொண்டுவந்து அவளிடம் காட்டிவிடாதே.

காசு போனது இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆறாதது அந்தப் புளியமரம்தான். அவர் சிக்னலுக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நின்றிருந்தால் நான் இரண்டடி முன்பே நின்றிருப்பேன், எனக்குப் பின்னால் வந்தவனும் நின்றிருப்பான். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலே பாதி பேருக்குப் புத்தி வந்துவிடும், அது உனக்கே தெரியும். தப்பு நடக்காமல் தடுக்க நிற்கிறார்களா, நடக்கட்டும் என்று காத்து நிற்கிறார்களா என்பது ஓட்டுகிறவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். மறைந்து நிற்கிற இடங்களில்தான் எதிரே வருகிறவனுக்கு லைட் அடித்துக் காட்டுகிறோம். நானும் அடித்திருக்கிறேன். முன்னால் ரோட்டில் பள்ளம் இருந்தால் எப்படி அடிப்போமோ அப்படித்தான்.

மாதக் கடைசியில் கேஸ் கணக்கு கேட்பார்கள், அதனால்தான் சின்னத் தப்புக்கெல்லாம் பிடிக்கிறார்கள் என்று டிரைவர்கள் அத்தனை பேரும் நம்புகிறோம். உண்மையா இல்லையா என்று நீ உள்ளே போன பிறகு எனக்குச் சொல். சொல்லக்கூடாது என்றால் சொல்ல வேண்டாம்.

அப்புறம் பர்மிட் கதை. இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து எத்தனை பேர் "பர்மிட் எடு" என்று கேட்டிருப்பார்கள் தெரியுமா? லோடோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை என்று சட்டத்தில் 66-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நம் வண்டி அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒரு வக்கீல் குமாஸ்தா அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். சரக்கு வண்டி ஓட்டத் தனியாக வாங்கச் சொல்கிற பேட்ஜும் அப்படித்தான். சின்ன வண்டிக்குக் கார் லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து சொல்லிவிட்டது. 7500 கிலோ வரைக்கும் பொருந்தும்.

ஆனால் ஜெராக்ஸை நீட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? வாங்கிப் பார்ப்பார்கள். "சட்டம் பேசுறியா?" என்பார்கள். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஓரம் கிழிந்திருக்கும். ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில் பஞ்சு இருக்காது. காக்கிச் சட்டைக்கு மேல் பட்டன் போட்டிருக்க மாட்டேன். இருபது வருஷம் ஓடிய வண்டியில் ஏதாவது ஒன்று இல்லாமலா போகும்? சட்டம் தெரிந்தால் பில் கூடும் என்பது எங்கள் ஸ்டாண்டில் பழமொழி மாதிரி. இப்போது ஜெராக்ஸை வெளியே எடுப்பதே இல்லை. இருந்தாலும் அது அங்கே கிடப்பதில் ஒரு தெம்பு.

இதையெல்லாம்கூட விடு. போன வருஷம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நம் வண்டி நம்பருக்கு 1000 ரூபாய் அபராதம். என்ன குற்றம் என்று உன் தம்பியை லிங்கைத் திறக்கச் சொன்னேன். ஹெல்மெட் போடவில்லையாம்! குட்டி யானையில் உட்கார்ந்து ஹெல்மெட் போடவில்லையாம். உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான், நானும் சிரித்தேன். போட்டோவில் ஒரு பையன் பைக்கில் போகிறான். நம்பரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டார்கள் போல.

சிரிப்பு அன்றைக்கே முடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனேன், அந்தத் தாளை வாங்கியவர் வேறு டூட்டிக்குப் போய்விட்டாராம். மூன்றாம் முறை போனபோது, "இது ஆன்லைன் கேஸ், கோர்ட்டுக்குப் போயிருக்கும், அங்கே பாருங்க" என்றார்கள். அதற்குள் வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கிற தேதி வந்துவிட்டது. ஃபைன் பாக்கியை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் வேலை நகராது என்றார் புரோக்கர். மூன்று நாள் அலைந்ததில் மூன்று ட்ரிப் போயிருந்தது. கணக்குப் பார்த்தேன். நியாயத்துக்கு ஆகிற செலவு, அபராதத்தைவிட இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கட்டிவிட்டேன். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு, ஓட்டாத பைக்குக்கு 1000 ரூபாய்.

பாப்பா, உன் முன்னால் ஒருவன் வந்து "மேடம், இது என் வண்டி இல்லை" என்று போனை நீட்டினால், அந்தப் போட்டோவை ஒரு தடவை பெரிதாக்கிப் பார். அவ்வளவுதான் நான் கேட்பது. அவன் பொய் சொல்கிறவனாகவும் இருக்கலாம். போட்டோவைப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். என்னிடம் மூன்று நாளில் ஒருத்தர்கூடப் போனைக் கையில் வாங்கவில்லை.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ரெண்டு வருஷம் முன்பு பழனி ரோட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு ஸ்பெஷல் எஸ்.ஐ. கை காட்டினார். ரிட்டயர் ஆகிற வயசு. நான் பதறிப்போய் போனைக் கட் பண்ணப் போனேன். "இருக்கட்டும்ணே, பேசி முடிச்சுட்டு வாங்க" என்றார். வண்டியை ஓரம் கட்டி, பேசி முடித்து, இறங்கிப் போனேன். "முக்கியமான போனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான் முகத்துலயே தெரியுது. ஆனா ரோட்டப் பாக்கலியே நீங்க. அந்த ஸ்கூல் புள்ள குறுக்க வந்தத பாத்தீங்களா?" என்றார். நிஜமாகவே பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு சின்னப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு வேர்த்துவிட்டது.

அவரும் 1000 ரூபாய்க்கு பில் அடித்துத்தான் கொடுத்தார், ஒரு பைசா குறைக்கவில்லை. ஜிபேயில் கட்டினேன். "நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபைன் கட்டி நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஓட்டும்போது போனை எடுத்ததே இல்லை. நான் எடுக்கவில்லை என்று நீ எத்தனை தடவை கோபித்திருக்கிறாய், காரணம் இதுதான்.

அன்றைக்குப் பேசியது நீதான். எழுத்துத் தேர்வில் பாஸ் என்று சொல்லக் கூப்பிட்டாயே, அந்தப் போன்.

சரி, லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். உன் மாமா எங்கிருந்தோ "போலீஸ்" என்று சிகப்பும் நீலமுமாக ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அவர் பைக்கிலும் இன்னொன்றை நம் வண்டிக் கண்ணாடியிலும் ஒட்டிவிட்டார். "மருமக எஸ்.ஐ., இனி எவன் கை காட்டுவான்?" என்றார். சென்னையில் 2024 மே மாதத்திலிருந்து இந்த மாதிரி ஸ்டிக்கருக்கே 500 ரூபாய் போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நம் வண்டியில் இருந்ததை நேற்று ராத்திரி மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். பசை இன்னும் போகவில்லை. காலையில் பார்த்துவிட்டு என்னோடு பேசாமல் போய்விட்டார். நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷம் அவரைக் கூப்பிட்டு, அவர் பைக்கில் இருப்பதையும் எடுக்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
அன்பு அப்பா