பாட்டோடு எங்கள் பெயரையும் சொல்லுங்கள்

தமிழ் வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒரு நிலையம் எங்கள் பாட்டொன்றுக்காகத் தனி நிகழ்ச்சியே செய்தது. பாடிய தம்பியைக் கூப்பிட்டுப் பேட்டி கண்டீர்கள். நன்றாகப் பேசினார், சந்தோஷம். ஆனால் பாட்டை எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. அவராகச் சொல்ல வாயெடுத்தபோது விளம்பரம் போட்டுவிட்டீர்கள்.

எழுதியது, இசையமைத்தது, ஒலிப்பதிவு, மிக்ஸிங் எல்லாம் நான்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டு அறையொன்றுதான் ஸ்டூடியோ. பகலில் ஓட்டோ சத்தமும் கோயில் ஒலிபெருக்கியும் மைக்கில் விழும் என்பதால் குரலை ராத்திரியில்தான் பதிவோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, விரும்பிச் செய்கிற வேலை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

கலியாண வீட்டுக்காரர் ஒருவர் பொம்பிளை மாப்பிள்ளைக்காகப் புதுப் பாட்டுச் செய்ய ஆள் தேடினார். எங்கள் பாட்டைச் சொல்லி, அதே மாதிரி வேண்டும் என்றாராம். தெரிந்தவர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, அது அந்தப் பாடகற்ற பாட்டெல்லோ? றேடியோவில அப்பிடித்தானே சொல்லுறாங்கள்" என்றார் வீட்டுக்காரர். யூடியூபில் பாட்டுக்குக் கீழே என் பெயர் இருப்பதை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். அப்புறம் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. பாடகருக்கு மேடை இருக்கிறது, முகத்தைப் பார்த்தே அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அடுத்த வேலையைக் கொண்டுவருவது பெயர் மட்டும்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். பாட்டுப் போடும்போது எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லுங்கள்.

நேரம் போதாது என்று உங்கள் அறிவிப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். சென்னையிலிருந்து வரும் படப்பாட்டுக்கு "ரஹ்மான் இசையில்", "யுவன் இசையில்" என்று சொல்ல நேரம் இருக்கிறதே. எங்கள் ஊர்ப் பாட்டுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது காலத்து இலங்கை வானொலியில் கவிஞர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் பாட்டோடு சேர்ந்தே வரும். அந்த வழியில் வந்தவர்கள் நீங்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது இயன்றவரை படைப்பாளியின் பெயர் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். அது அவருடைய உரிமை.

'சின்ன மாமியே' ஒலிக்காத கலியாண மண்டபம் யாழ்ப்பாணத்தில் குறைவு. அதைத் தந்தவர் உரும்பிராயில் பிறந்த நித்தி கனகரத்தினம் என்று அதற்கு ஆடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடிக்கே இந்த நிலை. திருவிழா இசைக்குழுக்களும் இப்படித்தான். எங்கள் பாட்டைப் பாடிவிட்டுப் பாடகர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டுப் போட்டி வைத்தால் படப்பாட்டுத்தான் பாட வேண்டும் என்கிறார்கள். பிறகு ஈழத்துப் பாட்டு ஏன் வளரவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

சரி, அது உங்கள் கையில் மட்டும் இல்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். நாங்கள் அனுப்பும் பாட்டோடு எழுதியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் வருகிறது. உங்கள் கணினியில் ஏற்றும்போது பாடகர் பெயரை மட்டும் பதிகிறீர்கள், அறிவிப்பாளருக்கு அதுதான் தெரிகிறது. மற்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். பழைய பாட்டுகளுக்கு விவரம் தேவையென்றால் கேளுங்கள், இங்குள்ள கலைஞர்களிடம் விசாரித்துத் தொகுத்துத் தருகிறேன். தயவுசெய்து இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கொக்குவிலிலிருந்து ஒரு பாடலாசிரியன், இசையமைப்பாளன்