ரப்பர் விலைக்குக் கீழே ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் 11 வருடமாகச் சிப்ஸ் கடை நடத்துகிறேன். ஆன்லைன் மோசடி என்று பேப்பரில் வருவதெல்லாம் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் கதை. எங்களுக்குப் போவது 300, 640. அது செய்தியும் ஆகாது, புகாரும் ஆகாது.

போன ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராட நெரிசல். ஏத்தங்காய் சிப்ஸை எண்ணெயிலிருந்து கோரக் கோர வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் ஒரு கிலோ சிப்ஸும் அரைக் கிலோ சர்க்கரை வரட்டியும் வாங்கினான், 640 ரூபாய். "எக்கா, பைசா போட்டாச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டினான். பச்சை டிக், தொகை, நேரம், மேலே எங்கள் கடைப் பெயர். எங்கள் ஸ்பீக்கர் பெட்டி சார்ஜ் இறங்கிக் காலையிலேயே வாயை மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். சரி மக்கா என்று பொட்டலத்தைக் கொடுத்துவிட்டேன்.

ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் உறைத்தது. எங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வராது. பேங்க் கணக்கு மாமியார் பெயரில், வருவதும் அவர் பெயர்தான். பையன் போர்டைப் பார்த்துப் பெயரை அடித்திருக்கிறான். அசலைப் போலவே திரை காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. பெயரையும் தொகையையும் அடித்தால் பணம் போனதாகக் காட்டும், சிலது சத்தமும் போடும்.

"கொஞ்சம் நில்லு மக்கா, பைசா ஏறட்டும்" என்று சொல்ல எனக்குக் கூச்சம். தெரிந்த முகங்கள் நிற்கும்போது ஒருத்தனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே! இந்தக் கூச்சத்தை நம்பித்தான் நெரிசல் நேரமாகப் பார்த்து வருகிறார்கள்.

தக்கலையில் கேட்டரிங் செய்யும் என் சித்தி மகனுக்கு வேறு மாதிரி வந்தது. ராணுவ கேம்ப்பிலிருந்து பேசுகிறேன், நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டும் என்று போன். பேரமே இல்லை. (நம் ஊரில் பேரம் பேசாமல் ஆர்டர் கொடுத்தவரை எங்கே பார்த்தோம்?) அடையாள அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. "முதலில் 5 ரூபாய் அனுப்புங்கள், 10 ரூபாயாகத் திரும்ப வரும், எங்கள் ஆபீஸ் முறை அப்படி." வந்தது. அடுத்து ஒரு க்யூஆர் படம். ஸ்கேன் செய்து, ரகசிய 'பின்' நம்பர் போட்டால் அட்வான்ஸ் 9,800 ஏறுமாம். போட்டான், 9,800 இறங்கியது. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். இது அவனுக்கும் தெரிந்ததுதான். மனசு அரிசிக் கணக்கில் இருந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்'டை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள். க்யூஆர் படத்தை அனுப்பி ஏமாற்றுபவனுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, ஆன்லைன் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணுக்கு அவன் கூப்பிட்டது மறுநாள் மத்தியானம். உடனே சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கி வைக்க வழி உண்டு. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இப்போது கடை திறந்ததும் க்யூஆர் அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்க்கிறேன், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று. "தெரியாம போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று போன் வந்தால், உங்கள் பேங்கில் போய்ச் சொல்லுங்கள் என்று வைத்துவிடுகிறேன். பணம் ஏறிய எஸ்எம்எஸ் மாமியார் போனுக்குத்தான் வரும் என்பதால் அந்தப் போன் கல்லாப்பெட்டி மேல் இருக்கிறது. அவருக்கு அதில் வருத்தம்தான்.

வணிகர் சங்கங்கள் "பைசா ஏறிய பிறகே பொருள்" என்று அச்சடித்து எல்லாக் கடைக்கும் கொடுத்தால் நல்லது. எல்லாக் கடையிலும் தொங்கினால் யாருக்கும் முகம் சுளிக்காது. கன்னியாகுமரியில் சங்கும் பாசியும் விற்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம். ஐயப்ப சீசனில் வாங்கியவர் பஸ் ஏறிவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தில் தினமும் ரப்பர் விலையும் தங்கம் விலையும் போடுகிறீர்கள். அதைப் பார்க்காமல் இங்கே யாரும் பேப்பரை மடிப்பதில்லை. அந்தக் கட்டத்துக்கு அடியில் 1930 என்ற எண்ணையும் தினமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிப்ஸ் கடைக்காரி,
மார்த்தாண்டம்.