சணல் என்ற பெயரில் மூன்று செடிகள்: வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர் மரபுவளப் பணியில் இருக்கும் ஆய்வாளர் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் சென்னிமலையில் நூல் வணிகம் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், படுக்கை விரிப்புக்குப் பருத்தியோடு கலந்து நெய்து பார்க்கலாம் என்று வெளிமாநில ஆலை ஒன்றுக்குச் 'சணல் நூல்' கேட்டு எழுதினேன். வந்து இறங்கியது கோணிப்பை தைக்கிற சணல். ஆலையைக் குறை சொல்லவும் வழியில்லை. நான் எழுதிய சொல் அதற்கும் பொருந்தும். நம் தோட்டங்களில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழுகிற சணப்பையையும் பலர் சணல் என்றுதான் சொல்கிறார்கள். நான் கேட்டதோ இரண்டும் அல்ல. இமயமலைச் சரிவுகளில் நாருக்கும் விதைக்குமாகத் தலைமுறை தலைமுறையாக விளைந்து வரும் கஞ்சாச் செடியின் நாட்டு வகையைத்தான் கேட்டேன். உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதி மக்கள் அதைப் பாங் என்கிறார்கள். கஞ்சா என்று எழுதக் கூச்சப்பட்டுச் சணல் என்று எழுதியதால் வந்த வினை அது. இந்த மடலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுகிறேன்.

மறு ஆண்டு அந்தக் குமாவோன் பகுதியிலுள்ள அல்மோராவை அடுத்த ஒரு மலைக்கிராமத்துக்கு நேரில் போனேன். அங்கே செடி ஆள் உயரத்தையும் தாண்டி, மெலிந்த தண்டும் குறுகிய இலைவிரல்களுமாக வளர்ந்து நின்றது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் உதிர்த்து முடித்த ஆண் செடிகளை முதலில் பிடுங்கி, மெல்லிய நாருக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பெண் செடிகளை விதை முற்றும் வரை நிறுத்தி வைப்பதால் அவற்றின் நார் முரடாகிக் கயிற்றுக்குப் போகிறது. ஓடைத் தண்ணீரில் ஊறிய தட்டை ஒரு மூதாட்டி அடிப்பக்கம் லேசாக ஒடித்து ஓர் இழுப்பு இழுத்தார். நார் நுனிவரை அறாமல் நாடாவைப்போல உரிந்து வந்தது. சோளத்தட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை நம்பச் சற்று நேரமாயிற்று. விதை சிறியது, சாம்பல் பழுப்பு ஓட்டில் பளிங்கைப்போல வரி ஓடியிருக்கும். அதை வறுத்து, உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துத் துவையல் அரைக்கிறார்கள். நாம் தேங்காய்ப் பால் ஊற்றுகிற மாதிரி, சேப்பங்கிழங்குக் குழம்பில் விதையை அரைத்துப் பிழிந்த பாலை ஊற்றுகிறார்கள். போதைக்கும் இந்தச் சமையலுக்கும் தொடர்பில்லை.

இந்த வகையைக் கொண்டுவந்து கொங்கு நாட்டில் விதைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பலிக்காது. இச்செடி பகல் குறுகும்போது பூக்கும் இனம். அல்மோராவில் ஆனி மாதத்துப் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம் நீள்வதால், அங்கே செடி கோடை முழுதும் உயர்ந்துகொண்டே போய், பகல் குறையத் தொடங்கிய பிறகே பூவெடுக்கிறது. கோயம்புத்தூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான் வரும் என்பதால், அதே விதை இங்கே முளைத்ததும் பூக்காலம் வந்துவிட்டதென்று எண்ணி, நார் கொடுக்கும் உயரம் வருவதற்கு முன்பே பூத்துவிடும். நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இடுக்கி வட்டாரக் கஞ்சா வகை இதற்கு நேர்மாறானது. குறுகிய பகலுக்குப் பழகிய அது பூக்கத் தொடங்கியும் முதிர்வதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'மலைக் கஞ்சா' என்பதும் ஒரே வகை அல்ல. கொல்லிமலையில் கட்டவெட்டிச் சாமையும் மல்லியச் சாமையும் பெருஞ்சாமையும் தனித்தனி என்பதை மலைமக்கள் அறிந்து வைத்திருந்ததால்தான் அவற்றைத் தனித்தனியாகப் பாதுகாக்க முடிகிறது. எல்லாம் சாமைதானே என்று ஒரே மூட்டையில் கொட்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூவும் காயும் கொண்ட நுனிகளைத்தான். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. நாருக்கும் விதைக்குமான சாகுபடிக்கு அரசு அனுமதி அளிக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தராகண்ட் 2018-ல் அப்படி அனுமதி கொடுக்கத் தொடங்கியது. போதைச் சத்து 0.3 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பது நிபந்தனை. இந்த எண் 1976-ல் ஸ்மால், கிரான்குவிஸ்ட் என்னும் தாவரவியலாளர் இருவர் வகைப்பாட்டு வசதிக்காக இட்ட கோடு. தேர்ந்தெடுத்துச் சீராக்கிய வெளிநாட்டு விதை அதற்குள் அடங்கிவிடும். நாட்டு வகையிலோ ஒரே வயலில் செடிக்குச் செடி அளவு மாறும். அந்த வேறுபாடுதான் அதன் இயல்பு, குளிரையும் வறட்சியையும் தாங்குகிற வலுவும் அதிலேதான் இருக்கிறது. ஒற்றை எண்ணால் மட்டும் அளந்தால் மலைவகை தேர்வில் தோற்கும், இறக்குமதி விதை வயலுக்கு வரும். காற்றில் மகரந்தம் பரவும் செடியாகையால், அப்படி வந்த விதை பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாட்டு வகையையும் கலப்பாக்கிவிடும்.

கருங்கண்ணிப் பருத்தி நம் கரிசலில் என்ன ஆயிற்று என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆலை நீண்ட இழையைக் கேட்டது. கம்போடியா என்னும் பருத்தி வந்தது, அதன்பின் வேறு வேறு வந்தன, நாட்டு வகையான கருங்கண்ணி ஒதுங்கிப்போனது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் கஞ்சாச் செடியின் நார் கலந்த நூலை இப்போது விசாரிக்கிறார்கள். ஆலைகள் தரம் நிர்ணயித்துவிட்டால் விதையை அந்தத் தரமே தீர்மானிக்கும்.

எனவே என் வேண்டுகோள் இது. சாகுபடிக்கு அனுமதி உள்ள மலை மாநிலங்களின் ஆய்வு நிலையங்களோடும் புதுதில்லியின் தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தோடும் சேர்ந்து, இந்த நாட்டு வகைகளின் உயரம், இலை, பூக்கும் பகல்நீளம், விதை ஓட்டின் வரி, ஆண் நார், பெண் நார் ஆகியவற்றைப் பதிந்து, தமிழில் ஒரு குணவிவரக் கையேடு வெளியிடுங்கள். அதில் சணல், சணப்பை, கஞ்சாநார் மூன்றையும் தனித்தனிப் பெயரால் எழுதுங்கள்.

அல்மோராவில் வாங்கிய நார் இரண்டு முடிச்சு என்னிடம் இருக்கிறது. ஆண் செடி நாரை வெள்ளை நூலாலும் பெண் செடி நாரைச் சிவப்பு நூலாலும் கட்டி வைத்திருக்கிறேன். பூவும் காயும் இல்லாத வெறும் நார்தான். ஆய்வுக்கு வேண்டுமென்றால் நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னிமலை நூல் வணிகர் ஒருவர்