அரை விழுக்காடு போதாது: தேசியக் கால்பந்து அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) புகழ் மண்டபத்தில் ஒரு தலைமைப் பயிற்சியாளர் இடம்பெற வேண்டுமானால் 60 விழுக்காடு வெற்றி வேண்டும் என்ற விதியை, 2025 மே மாதம் 59.5 எனத் தளர்த்தினீர்கள். மறைந்த பயிற்சியாளர் மைக் லீச்சின் கணக்கு 158 வெற்றி, 107 தோல்வி, அதாவது 59.6 விழுக்காடு. இதைத் தற்செயல் என்று நம்பும் அளவுக்கு ரசிகர்கள் வெள்ளந்திகள் அல்லர். ஆயினும் மகிழ்ச்சியே. முந்தைய நான்கு ஆண்டுகளில் ஒன்பதே ஆட்டங்களை வென்றிருந்த வாஷிங்டன் ஸ்டேட் அணியை ஏற்று, 2018-இல் 11 வெற்றி பெற வைத்தவருக்கு அந்த மரியாதை தகும்.

அப்படியானால் பயிற்சியாளர் ஹவர்ட் ஷ்னெல்லன்பெர்கருக்காக இன்னும் எத்தனை விழுக்காடு குறைப்பதாக உத்தேசம்?

2021-இல் மறைந்த அவரது கணக்கு 158 வெற்றி, 151 தோல்வி, 3 சமன். உங்கள் விதி அத்துடன் அவரது கோப்பினை மூடிவிடுகிறது. கால்பந்தைத் தொடர்வதா, விடுவதா என்ற நிலையில் இருந்த மயாமி பல்கலைக்கழகத்துக்கு 1979-இல் வந்தவர், ஐந்தாம் பருவத்தின் இறுதியில் ஆரஞ்சு பவுல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 31-30 என வென்று தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார். அங்கே அவரது வெற்றி விகிதம் ஏறத்தாழ 72 விழுக்காடு. பிறகு நலிந்து கிடந்த லூயிவில் அணியை ஏற்றார். முதல் மூன்று ஆண்டுகளில் எட்டே வெற்றிகள். ஆனால் 1991 புத்தாண்டு நாளில் அதே லூயிவில், ஃபியஸ்டா பவுலில் அலபாமாவை 34-7 எனத் தோற்கடித்தது.

ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் அவர் ஏற்றுக்கொண்டது தோற்ற அணியைக்கூட அல்ல. 1998-இல் அவர் அங்கே போனபோது அணி என்ற ஒன்றே கிடையாது. பணம் திரட்டி, ஆட்களைச் சேர்த்து, 2001-இல்தான் முதல் ஆட்டம். பல்கலைக்கழகம் போகா ரட்டோனில். சொந்த மைதானம் இல்லாததால் உள்ளூர் ஆட்டங்கள் பல ஆண்டுகள் வேறு நகரமான ஃபோர்ட் லாடர்டேலில். 2006 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களையும் கிளெம்சன், கன்சாஸ் ஸ்டேட் போன்ற பெரிய அணிகளின் மைதானங்களிலேயே ஆடி, நான்கிலும் தோற்றார்கள். அடுத்த ஆண்டே நியூ ஆர்லியன்ஸ் பவுலில் மெம்பிஸை வென்றார்கள். வளாகத்துக்குள் மைதானம் திறக்கப்பட்டது 2011 அக்டோபரில், அதாவது அவரது கடைசிப் பருவத்தின் நடுவில். அந்தப் பதினொரு பருவங்களின் 74 தோல்விகளும், வசதியான ஓர் அணி தோற்றால் எழுதப்படும் அதே எடையில் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன.

எல்லாத் தோல்விகளையும் சூழ்நிலையின் தலையில் கட்டும்படி நான் கேட்கவில்லை. 1995-இல் ஓக்லஹோமா போன்ற பெயர்பெற்ற அணியை வைத்துக்கொண்டு அவர் 5 வெற்றி, 5 தோல்வி, 1 சமன் என்று முடித்ததற்குச் சமாதானம் சொல்ல முடியாது. அதையும் சேர்த்தே எடைபோடுங்கள். நான் கேட்பதெல்லாம், ஏற்றபோது அணி எப்படி இருந்தது, விட்டுப்போகும்போது எப்படி இருந்தது என்பதையும் வெற்றி விகிதத்தோடு சேர்த்துப் பாருங்கள் என்பதுதான்.

இன்றுள்ள விதியைப் படிக்கும் இளம் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் அறிவுரை தெளிவானது: நலிந்த அணியின் பக்கமே போகாதே, முன்னவர் நிரப்பிவைத்த பண்டகசாலையின் சாவியை வாங்கிக்கொள், பத்தாண்டு, நூறு ஆட்டம் என்ற நிபந்தனை நிறைந்ததும் நடையைக் கட்டு. புகழ் மண்டபத்தின் நோக்கம் இதுதான் என்றால் தேர்வுக் குழு எதற்கு? ஒரு கணிப்பொறி போதும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கை சிறியது. 59.5-ஐ எட்டாத பயிற்சியாளர்களுள், ஏற்ற அணிகளின் நிலையைக் கருத்தில்கொள்ளத்தக்கவர்களைத் தனியே ஆராய ஒரு விதிவிலக்கை ஏற்படுத்துங்கள். அதன்கீழ் முதலாவதாக ஷ்னெல்லன்பெர்கரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ந்தபின் தகுதியில்லை என்று வாக்களித்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

பணிவுடன்,
கல்லூரிக் கால்பந்து ரசிகன் ஒருவன்