ஜோஷிமட்டுக்கு அடியில் இருப்பது பாறை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் வீடுகள் விரிசல் விட்டதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் மலை பிளந்து ஊரை விழுங்குகிறது என்று அதில் ஒரு வரி வருகிறது. ஜோஷிமட் இருக்கிற சமோலி மாவட்டத்தில் எல்லைச் சாலை வேலையில் முதலில் டோசர் ஓட்டியவன், பிறகு மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அந்த மண்ணை வெட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே மலை பிளக்கவில்லை. அந்த ஊர் மலைப்பாறையின் மேல் இல்லவே இல்லை. எந்தக் காலத்திலோ மேலேயிருந்து வந்து சரிவில் தங்கிவிட்ட கல்லும் மணலும் கலந்த பெரிய குவியலின் மேல் இருக்கிறது. நகர்வது அந்தக் குவியல். இது தெரியாவிட்டால், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதும் தெரியாமல் போய்விடும்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகிற சாலையில் பீபல்கோட்டி தாண்டியதும் ஹேலங் வரும். அந்தப் பக்கத்தில் சாலையோரப் பாறையைப் பார்த்தாலே ஏதோ நடந்திருப்பது தெரியும். கையால் தொட்டால் உதிர்கிற அளவுக்கு நொறுங்கிக் கிடக்கும். வடக்கே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை, தெற்கேயுள்ள பாறையின் மேல் ஏறி உட்கார்ந்த இடம் அது. மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட் என்று இந்தப் பாறை உடைப்பைச் சொல்வார்கள். 1936-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து இமயத்தில் நடந்து திரிந்த ஆர்னால்டு ஹைம், அகஸ்ட் கான்ஸர் என்ற இரண்டு புவியியல் அறிஞர்கள் இந்த அமைப்பை விளக்கினார்கள். ஜோஷிமட் பழைய மலைச்சரிவின் மேல் இருக்கிறது என்பதையும் 1939-ல் வெளியான தங்கள் ஆய்வில் அவர்களே எழுதிவிட்டார்கள். இந்த உடைப்பு ஒற்றைக் கோடு போல இருக்காது. ஹேலங்கிலிருந்து ஜோஷிமட் வரை ஒரு பட்டையாக நசுங்கிய பாறை போகிறது.

ஜோஷிமட் பக்கத்துப் பாறை நைஸ் வகை, அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வரிவரியாக ஆன பாறை. அபிரகம் என்ற மைக்கா மினுமினுக்கும், நடுநடுவே சிவப்பாகக் கார்னெட், சில இடத்தில் நீலக் கீற்றாகக் கயனைட் என்ற கனிமங்கள் தெரியும். அபிரகம் அதிகமுள்ள அடுக்கில் நனைந்தால் கால் வழுக்குகிற மாதிரி பாறையே வழுக்கும். அப்புறம் மேலே பாண்டுகேஷ்வர் போனால் குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான பாறை. துளை போடுகிற கம்பிமுனை அதில் சீக்கிரம் மழுங்கிவிடும், கம்ப்ரெசர்காரர்கள் எல்லோரும் அந்தப் பகுதியில் வேலை என்றால் அலுத்துக்கொள்வார்கள். பத்ரிநாத் பக்கம் மறுபடி நைஸ், அதற்குள் வெள்ளை நரம்பாகக் கிரானைட். இந்தப் பாறையெல்லாம் உறுதியானதுதான். ஜோஷிமட்டிலிருந்து ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் ஹாத்தி பர்வதத்தின் அடிவாரத்தில் அது செங்குத்தாக நிற்பதைப் பார்க்கலாம். ஊர் இருக்கிற பக்கம் மட்டும் சரிவு சாய்வாக, படிப்படியாக, விவசாயம் செய்யத் தோதாக இருக்கும். மனிதன் அங்கே குடியேறியதற்கும் இன்று வீடு விரிசல் விடுவதற்கும் காரணம் ஒன்றே. அது குவியலாக இருப்பதால்தான் சாய்வாக இருக்கிறது.

குவியலிலும் வகை உண்டு. சாலைக்காகச் சரிவை வெட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆறு கொண்டுவந்து போட்டது என்றால் கல் உருண்டையாக இருக்கும், மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகத் தெரியும். மேலேயிருந்து சரிந்தது என்றால் கல்லின் முனை உடைந்தபடியே கூராக இருக்கும், மேலேயுள்ள பாறை எதுவோ அதே வகையாக இருக்கும். பனியாறு விட்டுப்போனது என்றால் அடுக்கே இருக்காது. வீட்டளவு பாறையும் கைமுட்டியளவு கல்லும் மாவு போன்ற சாம்பல் நிறத் தூளும் ஒன்றாகக் கிடக்கும். பனிக்கட்டிக்கு எடை பிரித்துப் போடத் தெரியாது, சுமந்து வந்ததை உருகிய இடத்திலேயே விட்டுவிடும். சில கல்லின் முகத்தில் ஒரே திசையில் கீறல் இருக்கும், பனியாற்றின் அடியில் பாறையோடு உரசி இழுபட்டு வந்த தழும்பு அது. இதை மொரெய்ன் என்பார்கள். பத்ரிநாத்திலிருந்து மானா கிராமம் தாண்டி சதோபந்த் பக்கம் நடந்தால் இரண்டு பக்கமும் நீளநீளமான மேடாக இதைப் பார்க்கலாம். பனியாறுகள் இன்றைவிட வெகு கீழே இறங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. அவை பின்வாங்கியபோது விட்டுப்போனவை பள்ளத்தாக்கு முழுக்கக் கிடக்கின்றன.

ஜோஷிமட் குவியலில் எவ்வளவு மலைச்சரிவு, எவ்வளவு பனியாற்றுப் படிவு என்று அறிஞர்களுக்குள் பேச்சு உண்டு. வேலை செய்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சிமெண்ட் சேர்க்காத கான்கிரீட் கலவை போல, கல்லும் மணலும் தூளும் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கின்றன. காய்ந்திருந்தால் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், புதிதாக வந்த காண்ட்ராக்டர் ஏமாந்துபோவார். ஒரு நல்ல மழை பெய்து உள்ளே தண்ணீர் போனால் அந்தத் தூள் சேறாகி, தாங்கிக்கொண்டிருந்த பெரிய கல் நகரும். ஒரு பெரிய கல் நகர்ந்தால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் இறங்கும். அதனால்தான் அந்த மாதிரிச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டும்போது தண்ணீர் வெளியே வரத் துளை வைக்காமல் கட்டவே கூடாது என்பார்கள். கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கட்டுவதும் இதற்குத்தான், தண்ணீர் வழிந்துபோகும், சுவரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு கிடையாது. 1976-ல் கர்வால் கமிஷனராக இருந்த எம்.சி. மிஸ்ரா தலைமையில் 18 பேர் குழு ஒன்று ஜோஷிமட்டுக்குப் போய் ஆராய்ந்தது. ஊர் மூலப்பாறையின் மேல் இல்லை, மணலும் கல்லும் சேர்ந்த படிவின் மேல் இருக்கிறது என்று தெளிவாக எழுதியது. கனமான கட்டடம் வேண்டாம், சரிவில் தோண்டியோ வெடி வைத்தோ பெரிய கற்களை எடுக்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், சரிவில் பயிர் வைக்க வேண்டாம், கழிவுநீரும் மழைநீரும் மண்ணுக்குள் இறங்காதபடி கெட்டியான வடிகால் கட்டுங்கள், அடிவாரத்தை ஆறு அரிக்காமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது. ஒவ்வொரு வரியும் ஒரு சாலைத் தொழிலாளிக்குப் புரிகிற வரி. அந்த அறிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. சொன்னவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் ஊர் மேலும் மேலும் கட்டப்பட்டது.

2011 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் மக்கள்தொகை 16,709. பத்ரிநாத்துக்கும் ஹேம்குண்டுக்கும் அவுலி பனிச்சறுக்குக்கும் போகிறவர்கள் தங்குகிற இடமும் அதுவே. எத்தனை மாடி ஓட்டல்கள், எத்தனை குளியலறைகள்! ஊர் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லாமல் பெரும்பாலும் உறிஞ்சுகுழிகளில்தான் தண்ணீர் விடப்பட்டது. பாறையின் மேல் இருக்கிற ஊருக்கே இது நல்லதில்லை. குவியலின் மேல் இருக்கிற ஊருக்கு, நிற்கிற மண்ணைத் தானே கரைத்துக்கொள்வதுதான் இது.

2009 டிசம்பரில் அந்தப் பகுதியில் நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த சுரங்கத்தில் இயந்திரம் நிலத்தடி நீர் அடுக்கு ஒன்றைத் துளைத்துவிட்டது. நொடிக்கு 700 முதல் 800 லிட்டர் தண்ணீர் கொட்டியதாக அறிவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று உள்ளூர் மக்கள் சொல்கிறார்கள், திட்டத்தை நடத்துகிறவர்கள் மறுக்கிறார்கள். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. தளர்ந்த மண்ணுக்குள் மேலேயிருந்து தண்ணீர் இறங்கினாலும் ஆபத்து, அடியிலிருந்து தண்ணீர் வடிந்து இடைவெளி சுருங்கினாலும் ஆபத்து என்பதை மட்டும் சொல்கிறேன்.

2023 ஜனவரி தொடக்கத்தில் ஒரு குடியிருப்பில் சேற்றுநீர் பீறிட்டு வந்தது. 2022 டிசம்பர் 27-க்கும் ஜனவரி 8-க்கும் இடையில் நிலம் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டது. 860-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். இரண்டு ஓட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடிக்கப்பட்டன. குளிர்காலத்தில், அந்த உயரத்தில், ஜனங்கள் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் படுத்தார்கள். அவர்கள் நல்லவர்கள். பனியில் வண்டி மாட்டிக்கொண்டால் கேட்காமலே அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொடுக்கிற ஜனங்கள்.

கேதார்நாத்திலும் இதே மண்தான். 2013 ஜூனில் கோயிலுக்கு மேலே சோராபாரி பனியாற்றின் ஓரத்தில் இருந்த ஏரியைத் தாங்கி நின்றது மொரெய்ன் மேடு. விடாத மழையும் பனி உருகிய நீரும் சேர்ந்ததும் அந்தக் கரை உடைந்து, ஏரி மொத்தமும் மேட்டின் கல்லையும் இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. ஊரே பழைய பனியாற்றுப் படிவின் மேல்தான் இருந்தது. மேகவெடிப்பு என்ற சொல்லை மட்டும் தலைப்பில் போட்டால் இது எதுவும் வாசகருக்குத் தெரியாது. மழை தூண்டுகிறது, சரிதான். எந்த மண்ணின் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தே என்ன நடக்கும் என்பது முடிவாகிறது.

இதைத் தமிழ் நாளிதழுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமட்தான் என்று வைணவர்கள் கொள்கிறார்கள். 108 திவ்ய தேசம் முடிக்க வேண்டும் என்று போகிறவர்கள் அங்கே நரசிம்மரைச் சேவித்துவிட்டுத்தான் பத்ரிக்கு ஏறுகிறார்கள். அப்படிப் போய்வந்தவர்களிடமிருந்து அங்கே யாத்ரிகர் விடுதி கட்ட வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. எங்கள் ஊருக்கும் போன ஆடி மாதம் நன்கொடைப் புத்தகத்தோடு ஒரு குழு வந்தது. நான்கு மாடி, ஐம்பது அறை, ஒவ்வொன்றிலும் வெந்நீர் வசதி என்று படம் காட்டினார்கள். பக்தியில் குறை சொல்ல எதுவுமில்லை, நல்ல மனதோடு வந்தவர்கள்தான். ஆனால் அந்தச் சரிவில் இனி ஐம்பது குளியலறை எழும்பினால் அதன் பாரத்தையும் தண்ணீரையும் சுமக்கப்போவது கீழ் வீட்டுக்காரர்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சார்தாம் யாத்திரை பற்றி நீங்கள் சிறப்புப் பக்கம் வெளியிடும்போது, எந்தப் பேருந்து, எந்த விடுதி என்பதோடு அந்த ஊர்கள் எதன் மேல் இருக்கின்றன என்பதற்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். டேராடூனில் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனம் இருக்கிறது, அங்கே கேட்டால் விளக்கிச் சொல்லக்கூடிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் வாசகர்கள் கேட்க வேண்டியதையும் போடுங்கள். மனையின் மண்ணைத் துளையிட்டுப் பார்த்தீர்களா, பாறை எத்தனை அடியில் இருக்கிறது? குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, குழாயிலா, குழியிலா? அடித்தளம் தோண்டும்போது பெரிய கல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு தரை, மேலே ஒரு தளம் போதாதா? எங்கள் ஊருக்கு வந்தவர்களிடம் இதைத்தான் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஹேலங்கிலிருந்து மார்வாடி என்ற இடம் வரை ஊரின் அடிவாரத்தில் போடுகிற புறவழிச் சாலையைப் பற்றியும் உங்கள் நிருபர் எழுத வேண்டும். 2023-ல் விரிசல் வந்தபோது நிறுத்தி வைக்கப்பட்ட வேலை அது. எல்லைக்குச் சாலை தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, அந்த வேலையில் சோறு சாப்பிட்டவன் நான். ஆனால் குவியலின் காலடியை வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் வெட்டுவதற்கு முன்பே தாங்கு சுவரும் வடிகாலும் இருக்கிறதா என்பதை நேரில் பார்த்து எழுத வேண்டும். பாறைப் பகுதி எது, குவியல் பகுதி எது என்று எனக்குத் தெரிந்த வரையில் ஹேலங் முதல் மானா வரை ஒரு கைவரைபடம் வைத்திருக்கிறேன். உங்கள் நிருபருக்குப் பயன்படும் என்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எல்லைச் சாலைப் பணியில் ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர்,
அம்பாசமுத்திரம்.