இரண்டு நிமிடப் படத்துக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த ஞாயிறு மாலை எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில், ‘பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்தை உரிய அனுமதியோடும் தமிழ் சப்டைட்டிலோடும் திரையிட்டோம். அன்றே எழுந்து நின்று நன்றி கூறியிருக்க வேண்டும். நேரம் கடந்துவிட்டதால் இயலாமல் போனது. அந்தக் கடனை இம்மடல் வழியாகத் தீர்க்க விழைகிறேன்.

முதல் வணக்கம் கியோட்டோ நகரின் ‘யூரோப் கிகாகு’ நாடகக் குழுவினருக்கு. பல்கலைக்கழக மாணவர்களாக 1998-இல் தொடங்கிய இக்குழுவினர், தங்களுக்குள் ஒருவரான மகோட்டோ உவேதா எழுத, ஜுன்தா யமகுச்சி இயக்க, 2020-இல் இந்த 70 நிமிடப் படத்தை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கருவிகள் இல்லை, பெரிய அரங்க அமைப்பும் இல்லை. ஒரு காபிக் கடையும், அதற்கு மேலே உள்ள அறையும், பக்கத்து முடிதிருத்தகமும், கையில் ஒரு கைப்பேசியும் போதுமானவையாக இருந்தன. கடைக்காரர் கத்தோவின் மாடி அறைக் கணினித் திரையில் அவரே தோன்றி, இரண்டு நிமிடம் கழித்து வரும் எதிர்காலத்திலிருந்து, கீழேயுள்ள கடையில் நின்று பேசுகிறார். அதைக் கேட்டவர் கீழே இறங்கிச் சென்று, கடையிலுள்ள திரையில் தெரியும் இரண்டு நிமிடத்துக்கு முந்தைய தமக்கு அதே சொற்களைச் சொல்லியாக வேண்டும். நண்பர்கள் ஆர்வக்கோளாறில் இரு திரைகளையும் எதிரெதிரே வைத்துவிட, எதிர்காலம் அடுக்கடுக்காக நீள்கிறது. முழுப் படமும் ஒரே மூச்சில் எடுத்ததுபோல் ஓடுவதால், நடிகர் ஒருவர் படியில் சற்றுத் தாமதித்தாலும் திரைக்குள் இருக்கும் திரையோடு பொருந்தாமல் போயிருக்கும். இத்தனை கண்டிப்பான கணக்குக்குள் அவர்கள் சிரிப்பை மட்டுமல்லாமல் நெஞ்சத்தையும் வைத்தார்கள் என்பதே இப்படத்தின் மீது எனக்குள்ள பெருமதிப்புக்குக் காரணம்.

அடுத்து, தமிழ் சப்டைட்டில் எழுதித் தந்த தங்கைக்கு. ஜப்பானில் ஆறாண்டுகள் பணிபுரிந்து ஊர் திரும்பியவர் அவர். ஜப்பானிய வினைச்சொல்லில் இறந்தகாலத்துக்குத் தனி வடிவம் உண்டு; நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வடிவம் ஒன்றே. தமிழிலோ ‘வருகிறேன்’ என்பதா, ‘வருவேன்’ என்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. கீழே இருக்கும் கத்தோவுக்கு நடந்து முடிந்துவிட்ட ஒன்று, மேலே இருக்கும் கத்தோவுக்கு இனிமேல்தான் நடக்கப்போகிறது என்றால், அந்த வரியில் எந்தக் காலத்தை இடுவது? அவர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பேசுபவர் மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்று சிவப்பு மையில் ‘மே’, ‘கீ’ எனக் குறித்து வைத்திருந்த நோட்டை நான் பார்த்தேன்.

திரையிடலுக்கு மூன்று நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்தார். படத்தில், முடிதிருத்தகப் பெண் மெகுமியைத் தம் இசை நிகழ்ச்சிக்கு அழைத்தால் அவள் வருவாள் என்று எதிர்காலத்துக் கத்தோ சொன்னதை நம்பி மாடியறைக் கத்தோ போய்க் கேட்க, அவள் மறுத்துவிடுகிறாள். ஆனாலும் திரும்பி வந்து, நம்பிக்கையோடு காத்திருக்கும் பழைய தமக்கு வெற்றி என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வரி முதல் முறை வரும்போது ‘நல்லபடியா முடிஞ்சுது’ என்றும், இரண்டாம் முறை வரும்போது ‘எல்லாம் கைகூடிருச்சு’ என்றும் தங்கை தம்மை அறியாமல் எழுதிவிட்டிருந்தார். “அண்ணா, மேலே கேட்டதும் கீழே சொல்றதும் ஒரே சொல்லா இருக்கணும். இல்லேன்னா அவர் பொய் சொல்றார்ங்கிறதே தெரியாமப் போயிடும்” என்றார். அதன்பின் இருமுறை வரும் வரிகள் அனைத்தையும் விடியும்வரை ஒப்புநோக்கித் திருத்தினார். ஞாயிறன்று அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அந்த இரண்டாம் ‘நல்லபடியா முடிஞ்சுது’ திரையில் வந்தபோது சட்டென அடங்கியதே, அந்த அமைதி முழுவதும் தங்கையின் உழைப்புக்கு உரியது.

நாற்பதாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. இருட்டில் படியிறங்கி ஓடி, தம் கடையிலிருந்த இன்வெர்ட்டரைத் தோளில் சுமந்து வந்த மின்பணியாளர் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி கூறுவதென்று தெரியவில்லை. வெட்டே தெரியாமல் ஓடும் படத்தில் விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கத்தோ படியேறத் தொடங்கும் இடத்திலிருந்து ஓட்டினால் போதும் என்று மூன்றாம் வரிசையிலிருந்து சரியாகச் சொன்ன பள்ளி மாணவிக்கும் எங்கள் அன்பு.

மாடியைத் திறந்துவிட்டு இறுதிவரை உடனிருந்த நூலகர் ஐயாவுக்கும், இருக்கைகளை வாடகையின்றி அனுப்பிய பந்தல்காரருக்கும், சுக்குக் காபி போட்டுத் தந்த அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி.

படம் முடிந்ததும் பலர் எழுந்தீர்கள். பெயர்ப் பட்டியலோடு, நடிகர்களும் குழுவினரும் அந்தச் சிறிய கடைக்குள் நெருக்கியடித்துப் படம்பிடித்த காட்சிகள் ஓடத் தொடங்கியதும், எழுந்தவர்கள் அனைவரும் மீண்டும் அமர்ந்து கடைசிப் பெயர் வரை பார்த்தீர்கள். அதற்கும் நன்றி.

மிக்க அன்புடன்,
திரையிடலை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவன்