பன்னிரண்டு விதைக் கடன்

அன்புள்ளவர்களுக்கு,

மாடியில் இந்த வருடம் பாகற்காய் காய்த்துவிட்டது. வீட்டுக்குப் போக மிஞ்சியதை நான் வேலை பார்க்கும் வங்கிக்கு எடுத்துப் போனேன். "நீயா வளர்த்தே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

கீழ் வீட்டு அக்கா, ஆடியில் எட்டு விதை கொடுத்து, ராத்திரி ஊறவைத்துப் போடச் சொன்னீர்கள். நான் நான்காம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஐந்தாம் நாளும். முளையெல்லாம் ஒடிந்தது. உங்களிடம் வந்து விதை சரியில்லை என்றேன். சிரித்துவிட்டு இன்னும் நான்கு கொடுத்தீர்கள்.

நர்சரிக்கார அண்ணனுக்கும் நன்றி. பூவெல்லாம் உதிர்கிறதே என்று மருந்து கேட்டு வந்தவனை, எதுவும் விற்காமல் திருப்பி அனுப்பினீர்கள். "முதல்ல வர்றது ஆண் பூ சார். அடியில குட்டிக் காய் மாதிரி இருந்தாத்தான் பெண் பூ. கொஞ்ச நாள் விடுங்க." அன்று கொடியைப் பிடுங்குவதாகத்தான் இருந்தேன். மூன்றாம் மாடிக்குத் தேனீ அவ்வளவாக வராது என்று, காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒற்றவும் சொல்லிக்கொடுத்தீர்கள். சில நாள் வேலைக்குத் தாமதமானது அதனால்தான். மேலாளர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அப்புறம், வங்கியில் என் பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் அம்மா. நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் வரிசை வாசல்வரை நிற்கும். 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆனாலும் பலர் நவம்பரில்தான் வருவார்கள். போன வருடம் ரேகை தேய்ந்த ஒரு பெரியவரிடம் "இன்னும் எத்தனை தடவைதான் வைப்பீங்க?" என்று கத்திவிட்டேன். நீங்கள் எழுந்து வந்து, ஈரத்துணியால் அவர் விரலைத் துடைத்து, வேறு விரலை வைக்கச் சொன்னீர்கள். பதிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

அந்த ஐயா இந்த நவம்பரில் மறுபடி என் வரிசைக்கே வந்தார். ஈரத்துணி தயாராக இருந்தது. ஏழு முறை வைத்தோம். "அவசரமில்ல தம்பி" என்றார், நான் சொல்ல வேண்டியதை. என் வரிசையைத் தவிர்க்காமல் வந்ததற்கு நன்றி ஐயா.

அக்கா, விதைக்கென்று ஒரு காயைக் கொடியிலேயே விட்டிருக்கிறேன். மஞ்சளாகிவிட்டது. வெடிப்பதற்குள் மாடிக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்.